பழைய வீட்டை இடிப்பதா, தக்கவைப்பதா? நான்கு வழிகளின் ஒப்பீடு

நூறு வயதை நெருங்கும் வீடு ஒன்று கையில் இருக்கிறது, இடிக்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் துணிவில்லை என்ற கேள்வி வாசகர்களிடமிருந்து தொடர்ந்து வருகிறது. கேட்பவர்களில் சிலருக்கு அது பெற்றோர் விட்டுச் சென்ற வீடு. வேறு சிலர் அந்தத் தெருவின் மரநிழலுக்காகவே கடன்பட்டு அதை வாங்கியவர்கள். இரு சாராரின் சூழ்நிலையும் ஒன்றுதான். தெருவில் ஏற்கெனவே நான்கைந்து வீடுகள் போய்விட்டன. அவை நின்ற இடங்களில் மனையின் எல்லைவரை நெருக்கிக் கட்டிய பெரிய வீடுகள் எழுந்துவிட்டன. இடத்தை விற்க விருப்பமா என்று கேட்கும் கடிதம் மாதந்தவறாமல் தபால் பெட்டியில் விழுகிறது.

இக்கட்டுரை அப்படிப்பட்ட உரிமையாளருக்காக எழுதப்படுகிறது. அவருக்கு முன்னால் நான்கு வழிகள் உள்ளன: பழுதுபார்த்து வைத்துக்கொள்வது, முன்பகுதியைத் தக்கவைத்துப் பின்புறம் விரித்துக் கட்டுவது, விற்றுவிடுவது, இடித்துப் புதிதாகக் கட்டுவது. நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்க்கலாம்.

## இந்த வீடுகளுக்கு ஏன் இந்தக் கதி

ரயிலும் டிராமும் வந்து, நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டே நகரத்துக்கு வெளியே வசிக்கலாம் என்றான காலத்தில் உருவானவை இப்படிப்பட்ட புறநகர்க் குடியிருப்புகள். சிகாகோவை அடுத்த ரிவர்சைடை, வளைந்து செல்லும் சாலைகளும் பொதுப் புல்வெளிகளுமாக 1869-இல் வகுத்தவர்கள் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும். சிட்னியின் ஹேபர்ஃபீல்டை ரிச்சர்ட் ஸ்டான்டன் 1901-இல் தொடங்கினார். லண்டனின் ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்ப், ஹென்ரியெட்டா பார்னெட்டின் முயற்சியால் 1907-இல் உருப்பெற்றது. மூன்று கண்டங்களில் இருந்தாலும் இவற்றின் இலக்கணம் ஏறக்குறைய ஒன்றே: மனை பெரியது, வீடு அளவானது, மிச்சம் மரத்துக்கும் காற்றுக்கும்.

அந்த இலக்கணமே இன்று இவ்வீடுகளுக்கு எமனாகிவிட்டது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போக, வீட்டின் விலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு மனையில் சட்டம் அனுமதிக்கும் தளப்பரப்புக்கும் இப்போதுள்ள வீட்டின் தளப்பரப்புக்கும் இடையிலுள்ள வெளிதான் இடித்துக் கட்டுபவரின் லாபம். அந்த வெளி அகல அகல, நல்ல நிலையில் இருக்கும் வீடுகூட நிலத்தின் மேல் கிடக்கும் சுமையாகவே கணக்கில் எழுதப்படுகிறது. அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, ஆண்டுதோறும் வெளியிடும் அபாயத்திலுள்ள இடங்களின் பட்டியலில், தனிக் கட்டடங்களோடு சேர்த்து, பழைய குடியிருப்புகளில் வீடுகள் இடிபடும் போக்கையே ஒரு பொருளாக 2002-இல் சேர்த்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2008-இல், மனையின் அளவுக்கேற்ப வீட்டின் தளப்பரப்புக்கு வரம்பு கட்டும் விதியைக் கொண்டுவந்தது. வரம்பு இறங்கினால் லாபம் இறங்கும், லாபம் இறங்கினால் இடிப்பதற்கான அவசரமும் இறங்கும் என்பதே அதன் கணக்கு.

## எதை வைத்து அளப்பது

முடிவெடுக்க உட்கார்பவர்கள் பெரும்பாலும் ஒரு பிழையோடு தொடங்குகிறார்கள். பழைய வீட்டை இன்று இருக்கும் கோலத்தில், அதாவது ஒழுகும் கூரை, பெயர்ந்த காரை, திறக்க மறுக்கும் ஜன்னல் ஆகியவற்றோடு எடுத்துக்கொண்டு, புது வீட்டையோ வரைபடத்தில் இருக்கும் கோலத்தில் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். முதலாவது இன்றைய நிஜம், இரண்டாவது நாளைய ஆசை. அவற்றை ஒப்பிட்டால் விடை முன்கூட்டியே தெரிந்ததுதான். செலவு செய்து சீரமைத்த பழைய வீட்டையும், கட்டி முடித்து இருபது ஆண்டு குடியிருந்த புது வீட்டையும் மனத்தில் நிறுத்தி ஒப்பிடுவதே நேர்மையான முறை. அந்த ஒப்பீட்டுக்கு ஐந்து அளவுகோல்கள் போதும்.

முதலாவது, வீட்டின் உடல்நிலை. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் பார்வைக்குப் பயங்கரமாகத் தெரிபவை பல நேரங்களில் அற்பமாகவும், கண்ணுக்கே படாதவை ஆபத்தாகவும் இருக்கும். காரையில் முடிபோல் ஓடும் விரிசல் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒரு முனையில் மெல்லியதாகத் தொடங்கி மறுமுனையில் விரல் நுழையும் அளவுக்கு அகலும் விரிசல், அஸ்திவாரத்தின் ஒரு பகுதி இறங்குவதைச் சொல்கிறது. அப்போதும் அது பழைய இறக்கமா, இப்போதும் நடப்பதா என்று தெரிய வேண்டும். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதிவைத்துச் சில மாதங்கள் விட்டுப் பார்ப்பது பழங்காலத்து உத்தி, இன்றும் பழுதில்லாதது. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். மர உத்தரத்தை அதன் நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனியில்தான் ஈரம் முதலில் தங்கும். அங்கே குத்தூசி தடையில்லாமல் உள்ளே இறங்கினால் மரம் போய்விட்டது. நுனியில் நின்று அழுத்தியும் ஊசி இறங்கவில்லையென்றால் அந்த உத்தரம் உங்கள் பேரப்பிள்ளைகளையும் தாங்கும்.

நான் பார்த்த ஒரு வீட்டில், தரையிலிருந்து இடுப்பளவு வரை சுவரில் ஓதம் ஏறி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வயதாகிவிட்டது, இனி இடிப்பதுதான் வழி என்று உரிமையாளரிடம் சொல்லியிருந்தார்கள். வெளியே சுற்றிவந்து பார்த்தபோது, தோட்டத்து மண்ணைப் பல ஆண்டுகளாகச் சுவரோரம் குவித்துக் குவித்து, அது உள்தரையின் மட்டத்தைத் தாண்டி உயர்ந்திருந்தது. தரைக்கடியில் காற்றுப் போக வைத்திருந்த துளைகள் மண்ணுக்குள் மறைந்துபோயிருந்தன. போதாததற்கு, சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரின் மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கினாலும் காற்றில் விட்டுவிடும் இயல்புடையது. மேலே சிமெண்டைப் பூசினால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை, அது உள்ளேயே மேல்நோக்கி ஏறும். மண்ணை வெட்டி எடுத்து, சிமெண்ட் பூச்சை உரித்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பே பூசினார்கள். சுவர் உடனே காய்ந்துவிடவில்லை, ஒரு முழு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆனாலும் காய்ந்தது. எனவே, இடிப்பை மொத்தமாக ஏற்றுச் செய்பவரிடமே வீட்டின் நிலை பற்றிக் கருத்துக் கேட்காமல், பழைய கட்டுமானத்தில் பழக்கமுள்ள, இந்த முடிவால் ஆதாயம் பெறாத ஒரு கட்டமைப்புப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

இரண்டாவது, சட்டம். வீடு மரபுக் கட்டடமாக அரசுப் பட்டியலில் தனியாகச் சேர்க்கப்பட்டதா, மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறதா, அல்லது எந்தப் பாதுகாப்பும் இல்லாததா என்பதைப் பொறுத்து நான்கு வழிகளில் ஒன்றிரண்டு தொடக்கத்திலேயே அடைபட்டுப் போகலாம். கனடாவின் வான்கூவரில் ஃபர்ஸ்ட் ஷானெசி குடியிருப்பு 2015-இல் மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோது, 1940-க்கு முன் கட்டிய வீடுகளை விரும்பியபடி இடிக்கும் உரிமை ஒரே முடிவில் இல்லாமல் போனது. அதை நம்பி மனை விலை கொடுத்து வாங்கியிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, இருபது ஆண்டுக்கான மொத்தச் செலவு. நான்காவது, செய்ததைத் திருப்ப முடியுமா என்பது. ஐந்தாவது, குடும்பத்தின் உண்மையான தேவை; "இன்னும் இரண்டு அறை வேண்டும்" என்பது தேவை, "இந்தத் தெருவிலேயே பெரிய வீடாக இருக்க வேண்டும்" என்பது வேறொன்று.

## முதல் வழி: பழுதுபார்த்து வைத்துக்கொள்வது

ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877-இல் பிரிட்டனில் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றே ஒரு வேறுபாட்டை வலியுறுத்தியது: பழுதுபார்ப்பது வேறு, பழைய நிலைக்கு மீட்கிறேன் என்று இல்லாத அழகைச் சேர்ப்பது வேறு. பணம் செலவழிப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. கதவுச் சட்டத்தின் அடிப்பகுதி மட்டும் உளுத்திருந்தால், அந்த ஒரு சாணை வெட்டி எடுத்துப் புது மரம் இணைப்பது பழுதுபார்ப்பு. பழையதுபோலவே தோன்றும் புதுக் கதவு செய்வது மீட்பு. முன்னதன் செலவு பின்னதில் சிறு பகுதியே, அதோடு பழைய மரமும் மிஞ்சுகிறது. அந்தக் காலத்து மரம், நின்று நிதானமாக வளர்ந்த காட்டிலிருந்து வந்தது, வளையங்கள் நெருக்கமானது, வயிரம் பாய்ந்தது. இன்று கடையில் அதற்கு ஈடாக வாங்குவது எளிதல்ல.

இவ்வழியின் பெரிய வசதி, செலவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொள்ளலாம் என்பது. கூரையும் மழைநீர்க் குழாய்களும் முதலில், அடுத்து அஸ்திவாரத்தைச் சுற்றிய வடிகால், பிறகு மின்கம்பிகள், கடைசியில்தான் சமையலறையும் குளியலறையும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, புதுச் சமையலறையின் மேல் கூரை ஒழுகுவதைப் பார்த்து வீட்டைத் திட்டுகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லாமல் விடக் கூடாது. சுவரைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பதால், மதிப்பீட்டுக்கு மேல் தாராளமாக ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். ஈயம் கலந்த வண்ணப்பூச்சு அமெரிக்க வீடுகளில் 1978-இல்தான் தடைசெய்யப்பட்டது. ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை பிரிட்டனில் 1999-இலும் ஆஸ்திரேலியாவில் 2003-இன் இறுதியிலும் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய வீடுகளில் எதையும் சுரண்டுவதற்கும் அறுப்பதற்கும் முன் சோதனை அவசியம், அகற்ற உரிமம் பெற்ற ஆட்கள் தேவைப்படலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கும் பழைய ஜன்னலைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த தச்சருக்கும் காத்திருக்க நேரிடும்.

வரியும் பல இடங்களில் இவ்வழிக்கு எதிராகவே நிற்கிறது. பிரிட்டனில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம், இருக்கும் வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம்; பட்டியலிடப்பட்ட கட்டடங்களில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு முன்பு இருந்த விலக்கும் 2012-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் மரபுக் கட்டடச் சீரமைப்புக்கு மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகை, வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கே உரியது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. வீட்டைக் காப்பாற்றுகிறவரிடம் வரி வாங்கி, இடிப்பவரிடம் வாங்காமல் விடும் அரசு, பழைய தெருக்கள் அழிவதைப் பற்றிக் கவலை தெரிவிப்பது எனக்கு விளங்காத ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்த வீட்டைச் சீரமைத்தால் பிரிட்டனில் வரி 5 சதவீதமாகக் குறையும் என்பதை அங்குள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அஸ்திவாரமும் கூரையும் உறுதியாக இருந்து, இருக்கும் அறைகள் குடும்பத்துக்கு ஏறத்தாழப் போதுமானால், இதுவே சிறந்த வழி. ஓராண்டுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடியிலோ, வீட்டு வேலையின் தூசியில் வாழ முடியாத உடல்நிலையிலோ இருப்பவர்கள் இதைத் தேர்ந்தால் வருந்துவார்கள்.

## இரண்டாம் வழி: முன்னே தக்கவைத்து, பின்னே விரிப்பது

இடம் போதவில்லை என்பதுதான் குறை, வீடு மோசமில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வழியை. தெருவிலிருந்து தெரியும் முகப்பையும் முன்னறைகளையும் கூரையின் வடிவத்தையும் அப்படியே விட்டுவிட்டு, கூடுதல் அறைகளைப் பின்புறம் சேர்ப்பது. ஹேபர்ஃபீல்டின் விதிகள் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன: அது ஒற்றைத்தள வீடுகளின் ஊர், எனவே முகப்புக்கு மேலே தளம் எழுப்பக் கூடாது, விரிப்பது பின்புறமாக இருக்கட்டும். ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்ப்பில், வீடு முழுவதும் தனக்கே சொந்தமானவர்கள்கூட வெளித்தோற்றத்தை மாற்ற அங்குள்ள அறக்கட்டளையின் ஒப்புதலைப் பெற வேண்டும். உள்ளாட்சி அனுமதி அதற்கு மேல் தனி. பிரிஸ்பேனில் 1946-ஆம் ஆண்டு வரை கட்டப்பட்ட வீடுகளை இடிப்பதற்குக் கட்டுப்பாடு இருப்பதால், அங்கு வேறொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது: தூண்களின் மேல் நிற்கும் மரவீட்டை ஜாக்கி வைத்து அப்படியே உயர்த்தி, அடியில் ஒரு தளத்தைக் கட்டிவிடுகிறார்கள். பழைய வீடு மாடியாகிவிடும்.

இவ்வழியின் சிக்கல்கள் எல்லாம் பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் குடியிருக்கின்றன. பழைய அஸ்திவாரம் தன் இறக்கத்தை நூறு ஆண்டுக்கு முன்பே முடித்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் இணைப்பில் விரிசல் நிச்சயம், ஆகவே அசைவுக்கு இடம்விடும் இணைப்பு வேண்டும் என்பதை வரைபட நிலையிலேயே பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இரு கூரைகள் சேரும் பள்ளத்தில் இலையும் நீரும் தேங்கும். அந்தத் தகட்டில் காசைச் சுருக்கக் கூடாது. பின்புறம் நீள நீள நடு அறைகள் இருண்டுபோகும், அதற்குச் சிறு திறந்தவெளி விட்டுக் கட்டுவதோ கூரையில் கண்ணாடி வைப்பதோ தேவைப்படும். அனுமதிக்கான காலமும் கூடுதலே.

இன்னொன்றையும் எச்சரித்துவிட வேண்டும். முகப்புச் சுவரை மட்டும் நிறுத்தி, பின்னாலுள்ள அத்தனையையும் தரைமட்டமாக்குவதும் சில இடங்களில் இந்தப் பெயரிலேயே நடக்கிறது. அது நாலாம் வழியின் செலவையும் இரண்டாம் வழியின் தொல்லையையும் ஒருசேரக் கொடுக்கும். தெருவுக்கு ஒரு முகமூடி மிஞ்சும். உள்ளறைகளில் இரண்டாவது வரிசை வரையிலாவது உயிரோடு இருந்தால்தான் வீடு தக்கவைக்கப்பட்டது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

என் கணிப்பில், கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது இந்த வழிதான். பின்புறம் இடமில்லாத குறுகிய மனைக்கும், வடிகாலோ பெரிய மரமோ குறுக்கே நிற்கும் மனைக்கும் பொருந்தாது.

## மூன்றாம் வழி: விற்றுவிடுவது

விற்பது முடிவைத் தள்ளிப்போடுவதாகத் தோன்றினாலும், பல வேளைகளில் அது முடிவை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதே. "நாங்கள் இதில் குடியிருக்கப் போகிறோம்" என்று வாங்குபவர் வாய்மொழியாகச் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. பத்திரம் கைமாறிய மறுவாரமே இடிப்பு அனுமதிக்கு மனுப் போடுவதைத் தடுக்க ஒன்றும் செய்ய முடியாது. சிகாகோவில் 2003 முதல், முக்கியமானவை என்று நகரக் கணக்கெடுப்பில் குறிக்கப்பட்ட கட்டடங்களுக்கு இடிப்பு அனுமதியை 90 நாள் வரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது காப்பாற்ற ஆள் தேடுவதற்கான அவகாசம் மட்டுமே. பொறுமையுள்ள வாங்குபவர் அந்த மூன்று மாதத்தையும் செலவில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்.

வீடு நிற்க வேண்டும் என்பது விருப்பமானால், விற்பதற்கு முன்பே அதைப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் உரிமையாளர், இடிக்கவும் முகப்பை மாற்றவும் உள்ள உரிமையை ஒரு பாதுகாப்பு அமைப்பிடம் எழுதிக்கொடுத்துவிட முடியும்; அது நிலத்தோடு ஒட்டிய வில்லங்கமாகி, அடுத்தடுத்து வாங்குகிற எல்லோரையும் கட்டுப்படுத்தும். இதற்கான விலையை விற்பவரே கொடுக்கிறார், ஏனென்றால் இடிக்க முடியாத மனைக்கு இடிப்பவர் தரும் விலை கிடைக்காது. கிடைக்கும் இரு விலைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் வீட்டைக் காப்பதற்கு நீங்கள் தரும் நன்கொடை. அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு தருவது நல்லது, தெரியாமல் தந்துவிட்டுப் பின்னால் புலம்புவது குடும்பத்தில் பகையை வளர்க்கும்.

மறைமுகச் செலவாக மூலதன ஆதாய வரி, தரகு, அதே பகுதியில் திரும்ப வாங்க நினைத்தால் எகிறியிருக்கும் விலை ஆகியவை உண்டு. பராமரிக்கப் பணமோ ஆளோ இல்லாமல் வீடு பூட்டிக் கிடக்குமானால் விற்பதே மேல். ஆளில்லாத வீட்டில் ஒரு ஓடு நழுவினால் பார்க்க யாருமில்லை. அந்த ஒரு துளை வழியாக இரண்டு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால் போதும், முதல் வழி அடைபட்டுவிடும்.

## நான்காம் வழி: இடித்துப் புதிதாகக் கட்டுவது

இதைத் தேர்ந்தெடுப்பவர்களை வில்லன்களாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் வீடு, தீயில் கூரை போன வீடு, அடிக்கடி வெள்ளம் புகும் தாழ்ந்த மனை, முந்தைய உரிமையாளர்கள் மாற்றி மாற்றிப் பழையது என்று சொல்ல எதுவுமே மிஞ்சாத வீடு: இவற்றைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை. ஒரு வீடு இருந்த மனையில் நான்கு குடும்பங்களுக்கு வீடு கட்டப்படுமானால், அந்த வாதத்துக்கும் எடை உண்டு. மரபைக் காக்கிறோம் என்ற பெயரில் புதியவர்கள் யாரும் குடிவர முடியாத தெருவை உருவாக்குவது நியாயமில்லை. ஆனால் இந்தக் குடியிருப்புகளில் நடக்கும் இடிப்புகள் பலவும், ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டை எடுத்துவிட்டு, அதே ஒரு குடும்பத்துக்கு இருமடங்கு பெரிய வீட்டைக் கட்டுபவை. அதில் ஊருக்கு ஒரு வீடுகூடக் கூடவில்லை.

இவ்வழியின் கவர்ச்சி, கணக்கு எளிமையாக இருப்பது: சதுர அடிக்கு இவ்வளவு, இத்தனை மாதம். அந்தக் கணக்கில் வழக்கமாக விடுபடுபவற்றைப் பாருங்கள். மின்சாரம், எரிவாயு, குடிநீர் இணைப்புகளைத் துண்டித்துத் திரும்பப் பெறுவது, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுவது, இடிபாட்டை அள்ளிக் கொட்டுவதற்கான கட்டணம், கட்டி முடியும்வரை வெளியே தரும் வாடகை, அண்டைச் சுவரில் விரிசல் விழுந்தால் அதற்கான பொறுப்பு. பலர் கவனிக்கத் தவறுவது இன்னொன்று: பழைய வீடு ஏதாவது ஒரு பக்கம் எல்லைக்கு நெருக்கமாக நின்றால், அது விதிகள் வருவதற்கு முன் கட்டியது என்பதால் பொறுத்துக்கொள்ளப்பட்ட சலுகை. இடித்த மறுகணம் அச்சலுகை போய்விடும். புது வீடு இன்றைய விதிப்படி நான்கு பக்கமும் உள்தள்ளித்தான் நிற்க வேண்டும். இடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

எரிசக்திச் சிக்கனத்தைக் காரணம் காட்டி இடிப்பவர்களுக்கு ஒரு தகவல். முன்சொன்ன தேசிய அறக்கட்டளையின் ஆய்வுப் பிரிவு 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரியாக இயங்கும் பழைய கட்டடத்தைவிட 30 சதவீதம் சிக்கனமான புதுக் கட்டடம்கூட, தன்னைக் கட்டுவதற்கு உண்டான பருவநிலைப் பாதிப்பை ஈடுகட்ட, கட்டட வகையையும் இடத்தையும் பொறுத்து 10 முதல் 80 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. கூரையின் உட்புறம் வெப்பத்தடுப்பு இட்டு, ஜன்னல் இடுக்குகளை அடைத்தாலே பழைய வீட்டின் குறையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

இடிப்பதென்று முடிவானபின்பும் முறை என்று ஒன்று இருக்கிறது. இயந்திரத்தைக் கொண்டு ஒரே நாளில் நொறுக்குவதற்குப் பதிலாகக் கையால் பிரித்தெடுத்தால் உத்தரம், கதவு, செங்கல், தரைப்பலகை எல்லாம் இன்னொரு வீட்டுக்குப் போகும். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம் 2016-இல், 1916-க்குள் கட்டிய வீடுகளை இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று விதித்து, பின்னர் அந்த வரம்பை 1940 வரை நீட்டியது. கூலியும் நாளும் கூடும், மரத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதி திரும்பும். மரவீடாக இருந்தால் அப்படியே தூக்கி வேறு மனைக்குக் கொண்டுபோவதும் நடைமுறையில் உள்ளதே. வான்கூவர் பகுதியில் வீடுகளை மிதவைப் படகில் ஏற்றித் தீவுகளுக்கு அனுப்புகிறார்கள். செங்கல் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் அரிது.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | பழுதுபார்த்தல் | பின்புறம் விரித்தல் | விற்றல் | இடித்துக் கட்டுதல் |
|---|---|---|---|---|
| செலவு வரும் விதம் | ஆண்டுக்கணக்கில் பரவியது | ஒரே தவணையில், நடுத்தரம் | வரியும் தரகும் | ஒரே தவணையில், பெரியது |
| எதிர்பாராதது ஒளிந்திருக்கும் இடம் | சுவருக்குள் | பழையதும் புதியதும் சேரும் இணைப்பில் | வாங்குபவரின் எண்ணத்தில் | விதிகளிலும் மண்ணுக்கடியிலும் |
| அனுமதித் தொல்லை | குறைவு | அதிகம் | இல்லை | இடத்தைப் பொறுத்து, சில இடங்களில் தடை |
| திருப்ப முடியுமா | முடியும் | பெரும்பாலும் முடியும் | முடியாது | முடியாது |
| யாருக்கு ஏற்றது | நேரமும் பொறுமையும் உள்ளவருக்கு | இடம் மட்டும் போதாதவருக்கு | பராமரிக்க வழியற்றவருக்கு | கட்டமைப்பே போன வீட்டின் உரிமையாளருக்கு |

நான்காவது வரிசைக்கு நான் மற்றவற்றைவிட அதிக எடை கொடுப்பேன். பழுதுபார்க்க முயன்று பார்த்துவிட்டு, முடியவில்லையென்றால் ஐந்து ஆண்டு கழித்து இடிக்கலாம். இடித்தபின் பழுதுபார்க்க எதுவும் இருக்காது. நான்கில் இரண்டு வழிகள் மற்றக் கதவுகளைத் திறந்தே வைத்திருக்கும்போது, மூடிவிடும் வழியைத் தேர்ந்தெடுப்பவர் அதற்கான காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும், தன் குடும்பத்துக்காவது.

## வீடு ஒன்று, பங்காளிகள் பலர் என்றால்

கேள்வி கேட்பவர்களில் கணிசமானோர் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து வீட்டைப் பெற்றவர்கள் என்பதால் இதைத் தனியே சொல்கிறேன். ஒருவர் குடியிருக்க விரும்புகிறார், மற்றவர்கள் பணத்தை விரும்புகிறார்கள். பேச்சு உடனே பாசத்துக்கும் பழைய கணக்குகளுக்கும் போய்விடுகிறது. அதற்கு முன் இரண்டு மதிப்பீடுகளை வாங்கிவிடுங்கள். வீடு இப்படியே நின்றால், குடியிருக்க வாங்குபவர் என்ன தருவார் என்பது ஒன்று. வீடே இல்லாத வெறும் மனையாக, இடிப்புச் செலவைக் கழித்து என்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மதிப்பீட்டாளர், ஒரே வாரத்தில், தனித்தனித் தாளில் எழுதித் தர வேண்டும்.

சில வீடுகளில் முதல் எண்ணே பெரிதாக இருந்துவிடும். அப்போது இடிப்பதைப் பற்றிப் பேச எதுவுமில்லை. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், இடைப்பட்ட தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். குடியிருக்க விரும்புபவர் மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தர வேண்டியது அந்தப் பங்குகளே. அதைத் தவணையில் தரலாமா, வாடகையாகக் கழிக்கலாமா என்று பேசுவதற்கு வழக்கறிஞர்கூடத் தேவைப்படாமல் போகலாம்.